குளிர் நுழையாத அறை

கித்தேரியம்மாளுக்குப் பயம் கூடவே பிறந்தது. நாய்க்கடிக்கு நேர்ந்துகொள்கிற புனிதையின் பேரை வைத்தார்கள். நாயைக் கண்டால் ஊரிலேயே முதலில் ஓடுகிறவள் அவள்தான். கொடைக்கானல் ஏரியைப் பார்த்தால் பயம். இடி இடித்தால் பயம். மூடுபனி இறங்கி எதிர்வீடு மறைந்துபோனால், உள்ளே இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று பயம். மிஷன் பள்ளி போர்டிங்கில் சமையல் பார்த்த அவள் அப்பா மரியஅந்தோணி, "தொடநடுங்கி, எனக்குன்னு வந்து பொறந்தியே" என்று தலையில் அடித்துக்கொள்வார். தாயில்லாப் பிள்ளையை அடிக்க மனம் வராததால் அடியெல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

ஆனால் பயந்தவள் கண்ணில் படுகிற சில விஷயங்கள் தைரியசாலியின் கண்ணில் படாது. எந்த அறைக்குள் போனாலும் கித்தேரி முதலில் பார்ப்பது கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை. அப்புறம் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது, ஓட வேண்டி வந்தால் எந்த நாற்காலி காலை இடறும் என்பதையெல்லாம். ஒரு தடவை போய்வந்த அறையை வீட்டில் உட்கார்ந்து அப்படியே வரைந்துவிடுவாள். பள்ளியில் படம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரம்மா அதைப் பார்த்து அசந்துபோனார். மற்றப் பெண்பிள்ளைகள் பூவும் மயிலும் வரைந்துகொண்டிருந்தபோது இவள் ஆஸ்பத்திரி வராந்தாவை வரைந்திருந்தாள், தண்ணீர்ப் பானை இருந்த இடம் முதற்கொண்டு. புழங்குகிற பொருளையும் இருக்கிற இடத்தையும் வடிவமைப்பதற்கென்றே பம்பாயில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்று சொன்னது அந்த அம்மாதான். இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

மரியஅந்தோணிக்கு அது என்ன படிப்பென்று கடைசிவரை பிடிபடவில்லை. கேட்டவர்களிடம், "நாற்காலி படிக்கா" என்பார். "நாற்காலில என்னத்தப் படிக்க? உக்கார வேண்டியதுதான?" என்று யாராவது மடக்கினால், "அதுக்கே அஞ்சு வருசம் ஆகுதுன்னா பாத்துக்கிடுங்க" என்பார்.

உண்மையில் முதல் வருஷம் முழுக்க ஸ்டூல்தான். ஒரு ஸ்டூலில் நாள் முழுக்க உட்கார்ந்து எங்கெங்கே வலிக்கிறது என்று எழுத வேண்டும். அதை அட்டையில் திருத்திச் செய்து, மரத்தில் செய்து, மறுபடியும் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் அறைகள். ஆள் எங்கே கை நீட்டுகிறார், எங்கே குனிகிறார், வெளிச்சம் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட வேண்டும். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். கோடு போடும்போது கை நடுங்கும். பேராசிரியர் சுவாமிநாதன், பம்பாய் மாதுங்காவில் வளர்ந்த தமிழர், அந்த நடுக்கத்தைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"பயத்தைச் செருப்போட வெளியில விட்டுட்டு வாம்மா. நடுங்கிண்டே போட்ட கோட்டை நம்பி எவனும் உள்ளே படுக்க மாட்டான்," என்றார்.

நல்ல மனுஷர், நல்லதற்குத்தான் சொன்னார். கித்தேரியும் நல்ல மாணவி. நாலு வருஷத்தில் பயத்தை வெளியில் விட்டுவிட்டு வரப் பழகிக்கொண்டாள். வினை அங்கேதான் முளைத்தது.

கடைசி வருஷம் நிஜமான ஒரு குடும்பத்துக்கு நிஜமான ஓர் அறை கட்டிக் காட்ட வேண்டும். குடும்பம் அதில் குடியிருக்க வேண்டும். பேராசிரியர் நேரில் வந்து பார்ப்பார். அதை வைத்துத்தான் பட்டம். கித்தேரி கொடைக்கானலுக்கு மேலே இருக்கிற மன்னவனூர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தாள். மிஷன் மருந்து ஜீப்பில் துணைக்குப் போயிருந்தபோது அங்கே சின்னக்கருப்பன், குப்பம்மாள் வீட்டைப் பார்த்திருந்தாள். உருளைக்கிழங்குக் காட்டில் வேலை, நாலைந்து செம்மறி, கந்தம்மாள் என்று ஒரே பெண்குழந்தை. சுவரிலும் கூரையிலும் காற்று புகுந்து புறப்படுகிற வீடு. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிச் சத்தம். அந்தச் சத்தம் கித்தேரியோடு பம்பாய்வரை வந்துவிட்டது.

கல்லூரி செலவில், பழைய வீட்டை ஒட்டி அறை எழும்பியது. கல் சுவர், உள்ளே சைப்ரஸ் பலகை, பலகை இடுக்குகளில் செம்மறி ரோமத்தை வைத்து அடைத்தாள். ஜன்னலுக்குத் திறக்காத கண்ணாடி. சுற்றிலும் சந்து தெரியாமல் மக்குச் சாந்து பூசினாள். கதவின் நாலு ஓரத்துக்கும் கம்பளிப் பட்டை தைத்தாள். மூடினால் கதவு 'பொத்'தென்று உட்காரும். ஒரு மெழுகுவத்தியை ஏற்றிச் சுவரோரமாகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சுடர் அசையவே இல்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னொன்றும் செய்தாள். மலையில் எல்லா வீட்டையும் போலவே அங்கேயும் குளிர்காலத்தில் கரிக்கங்கு போட்ட கணப்புச்சட்டியை நடுவீட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார்கள். தூக்கத்தில் குழந்தை அதை உதைத்துவிடுமே என்று கித்தேரிக்குக் கவலை. அதனால் அறையின் நடுவில் கல்லில் ஒரு குழி அமைத்து, சட்டி அதில் அசையாமல் உட்காரும்படி செய்தாள். அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே, சூடு நன்றாக விழுகிற இடத்தில், கந்தம்மாளுக்கென்று ஒரு சின்னப் பலகை மேடை. படத்தைப் பார்த்த பேராசிரியர், "பேஷ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். குளிர் நுழையாத அறை என்று அவள் அதற்குப் பேர் எழுதினாள்.

"கிறிஸ்துமசுக்குள்ள குடி வந்திருங்கக்கா. எங்க சார் வரும்போது நீங்க உள்ள இருக்கணும்," என்றாள் குப்பம்மாளிடம்.

"சரிங்க டீச்சர்," என்றாள் குப்பம்மாள். மன்னவனூரில் படித்த பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான்.

அறுபத்தாறாம் வருஷத்து மார்கழி அது. கொடைக்கானலில் புல்லெல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி உறைபனி. ஒருநாள் காலை கித்தேரி பேராசிரியர் வருகைக்குப் படங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு வாங்கப் போன மரியஅந்தோணி வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"உபகாரம் போயிட்டான்மா," என்றார்.

ஏரிக்கு மேலே ஒரு பங்களாவுக்குக் காவலிருந்தவர் உபகாரம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோருக்கும் முன்னால் உரக்கப் பாடுகிற ஆள்.

"நல்லாத்தான இருந்தாருப்பா?"

"நேத்துப் பாத்தேன், குத்துக்கல்லாட்டம் இருந்தான். குளுருக்குக் கணப்பு வச்சுட்டு, கதவுச் சந்துல எல்லாம் துணியத் திணிச்சு அடச்சிட்டுப் படுத்திருக்கான். டாக்டர் சொல்றாரு, கங்குல இருந்து வர்ற கரிக்காத்துதான் கொன்னிருக்குன்னு. பொகை கூட இல்லயாம். வாடையும் இல்லயாம். தூங்குற மாதிரியே கெடக்கானாம்மா."

கித்தேரியின் கையிலிருந்த நூல் விழுந்தது. துணியைத் திணித்து என்று அப்பா சொன்னது அவள் காதில் கம்பளி என்று விழுந்தது. கதவின் 'பொத்' சத்தம் கேட்டது. அசையாத மெழுகுவத்திச் சுடர் கண்ணுக்கு முன்னால் நின்றது. தான் பிறந்து வளர்ந்த வீட்டிலும் கணப்புச்சட்டி வைத்துத்தானே படுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு நொடி சமாதானம் வந்தது. அந்த வீட்டின் ஓட்டு இடுக்கில் ராத்திரி நட்சத்திரம் தெரியுமே என்ற நினைவு அடுத்த நொடியே வந்தது. காற்று உள்ளே வந்து வந்துதான் அவர்கள் இத்தனை வருஷமும் உயிரோடு எழுந்தார்கள். அந்தக் காற்றைத்தான் அவள் ரோமம் வைத்து அடைத்துவிட்டு வந்திருந்தாள்.

கிறிஸ்துமசுக்குள் குடி வரச் சொன்னதும் அவள்தான்.

என்ன ஏது என்று அப்பா கேட்பதற்குள் மார்க்கெட்டுக்கு ஓடினாள். மன்னவனூர்க் கிழங்கு மூட்டைகளை இறக்கிவிட்டு மறுபடி மேலே போக நின்றது ஞானவேலின் லாரி. வழியில் இரண்டு நாய்கள் குரைத்தபடி பின்னால் வந்தன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே, வெரசாப் போகணும்ணே. என்னையும் ஏத்திக்கிடுங்க."

ஞானவேலுக்கு அவளைத் தெரியும். இடம் கொடுத்தார். பூம்பாறை தாண்டும்வரை பேச்சுத்துணைக்கு ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

"நீ கட்டுன ரூமப் பத்தித்தான் தங்கச்சி மன்னவனூரே பேசுது. நேத்துச் சாயங்காலம் மூட்டை ஏத்தும்போது பாத்தேன், கண்ணாடி வழியா உள்ள கங்கு வெளிச்சம் செகப்பாத் தெரிஞ்சுச்சு. பால் காச்சிட்டாங்க போல."

"உள்ள ஆள் இருந்தாங்களாண்ணே?"

"பனி எறங்கிருச்சு, ஆளு தெரியல. கதவச் சாத்தித்தான் இருந்துச்சு. நல்லா இறுக்கமாச் சாத்துது தங்கச்சி ஒங்கதவு. நம்ம வீட்டுக் கதவு ஒண்ணு இப்படி இருக்கா?"

அவர் பாராட்டித்தான் சொன்னார். அவளுக்கு அது தலையில் இடியாக இறங்கியது. அதன் பிறகு அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. பனி முன்கண்ணாடியை மூடியிருந்தது; லாரி முன்னால் நாலு முழ ரோடுகூடத் தெரியாமல் ஊர்ந்தது. எத்தனை பயங்களோடு வளர்ந்தவள்! ஏரி, இடி, நாய் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தான் பெருமைப்பட்ட ஒவ்வொன்றும் இப்போது வரிசையாக எழுந்து வந்து அவளை மிரட்டியது. மக்கு எவ்வளவு நேர்த்தியாகப் பூசினோம். பலகை எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்தது. ஜன்னலைத் திறக்க முடியாதபடி செய்தது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று வகுப்பில் பேசினார்களே. எங்காவது ஒரு ஓட்டை விட்டிருப்போமா என்று மனசுக்குள் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எந்த மூலையிலும் தப்பு இல்லை. ஒரே ஒரு இடத்தில் வேலை மோசமாக இருந்திருக்கக் கூடாதா, மாதாவே, ஒரே ஒரு இடத்தில் பலகை விலகியிருக்கக் கூடாதா என்று மன்றாடினாள். எந்த மாணவியும் இப்படி ஒரு செபத்தைச் சொல்லியிருக்க மாட்டாள்.

மேட்டில் ரேடியேட்டர் கொதித்தது. ஞானவேல் தண்ணீர் ஊற்ற இறங்கினார். அந்த நேரத்தில் கித்தேரிக்குக் குழந்தையின் பலகை மேடை ஞாபகம் வந்தது. குழிக்கு மிகப் பக்கத்தில், தரையோடு தரையாக. பெரியவர்களாவது எழுந்து கதவைத் திறந்திருக்கலாம். அந்தக் குழந்தை? கித்தேரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மன்னவனூரில் லாரி நின்றதும் வரப்பில் ஓடினாள். பழைய வீட்டு முன்னால் ஐந்தாறு பேர் தலையைக் கவிழ்த்து நின்றிருந்தார்கள். நடுவில் குப்பம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைக் காணவில்லை. கித்தேரி வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு, "பிள்ள எங்கக்கா?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"பிள்ள எங்க?"

வீட்டுப் பின்பக்கமிருந்து கந்தம்மாள் வந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் சுட்ட கிழங்கு. கித்தேரியைப் பார்த்ததும் கிழங்கைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கித்தேரி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சின்னக்கருப்பன் கிட்டே வந்து கை கட்டி நின்றார். "மன்னிச்சிக்கிடணும் டீச்சர். ஒங்க ரூமுல இப்படி ஆகிப்போச்சு."

அறை வாசலில் சாக்கு விரித்து, தாய்ச் செம்மறியையும் அதன் இரண்டு குட்டிகளையும் கிடத்தியிருந்தார்கள். குட்டிகளின் ரோமம் இன்னும் சுருள் பிரியவில்லை. எங்கும் ஒரு காயம் இல்லை. மூன்றும் தூங்குகிற மாதிரியே கிடந்தன.

"நீங்க குடி போகச் சொன்னீங்க. மார்கழி பொறந்துருச்சு. மார்கழில யாரு குடி போவா? ஒங்ககிட்ட மாட்டம்னு சொல்ல வாய் வரல. தை பொறக்கட்டும்னு இருந்தோம். நேத்து இது குட்டி போட்டுச்சு. இந்த ஒறபனில வெளிய கெடந்தா வெறச்சுப்போயிரும்னு, ஒங்க ரூமுல கட்டி, குழில கங்கு வச்சு, கதவச் சாத்துனோம். வெள்ளனே வந்து தெறந்தா…" அவர் சாக்கைக் கை காட்டினார். "மார்கழில அதத் தெறந்து பொழங்குனது சாமிக்கு ஆகல டீச்சர். எங்க தப்பு. ஒரு பூச போட்டுச் சுத்தம் பண்ணிருதோம். ஒங்க சார் வரும்போது ஒண்ணும் தெரியாது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்வார்கள். அந்தக் குட்டிகளைப் பார்த்த பிறகு கித்தேரிக்கு அப்படி நினைக்க முடியவில்லை. ஆனால் ஒன்று நினைத்தாள்; அதையும் சொல்லிவிட வேண்டும். பழியைச் சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது. ஊரும் ஒப்புக்கொண்டுவிட்டது. 'கணப்பு வைக்கும்போது கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும். பட்டமும் வந்துவிடும், பேரும் கெடாது. இந்த எண்ணம் வந்ததே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. பாதி உண்மையைச் சொன்னால், குளிர் அதிகமான ஒரு நாளில் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"சாமி இல்லண்ணே," என்றாள். "நான்தான்."

எல்லாம் சொன்னாள். கரிக்காற்றைச் சொன்னாள், உபகாரத்தைச் சொன்னாள், காற்று வர வழியில்லாமல் அடைத்ததைச் சொன்னாள். குப்பம்மாள் எழுந்து வந்து கந்தம்மாளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தை பொறந்திருந்தா நாங்க படுத்திருப்போமே டீச்சர்," என்றாள். குழந்தையைக் காட்டி, "இவள எந்த எடத்துல படுக்கப் போடணும்னு நீங்கதான காமிச்சீங்க," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கே கடப்பாரையும் உளியும் வாங்கிக் கல் சுவரில் தரையோரமாக ஒன்று, எதிர்ச் சுவரில் கூரையோரமாக ஒன்று என்று இரண்டு துளை இடித்தாள். உளி பட்டுக் கை கிழிந்தது. ஜன்னல் கண்ணாடியைப் பெயர்த்து, திறக்கிற சட்டம் போட ஏற்பாடு செய்தாள். குழந்தையின் மேடையைக் குழியிலிருந்து தள்ளித் துளைக்குப் பக்கத்தில் உயர்த்தி அமைத்தாள்.

பேராசிரியர் சுவாமிநாதன் வந்து உள்ளே நுழைந்ததும் காற்று முகத்தில் அடித்தது. "குளிர் நுழையாத அறைன்னுதானே தலைப்பு?" என்றார் மஃப்ளரை இழுத்து விட்டபடி. அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் குனிந்து கணப்புக் குழியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நானும்தானே கையெழுத்துப் போட்டேன்," என்றார். போகும்போது, "ரிப்போர்ட்ல இத்தனை வேண்டாம்மா. காற்றோட்டம் மாற்றி அமைக்கப்பட்டதுன்னு ஒரு வரி போதும்," என்று மெல்லச் சொன்னார். அவள் ஆட்டையும் குட்டிகளையும் சேர்த்தே எழுதினாள். பாஸ் மட்டும் போட்டார்கள். மரியஅந்தோணிக்கு அதுவே பெரிசு. பின்னாளில் விடுதிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அறை வரைந்தபோதெல்லாம், காகிதத்தில் அவள் முதலில் போட்டது காற்று வருகிற துளைதான், கதவுகூட அப்புறம்தான். பயத்தைச் செருப்போடு வெளியில் விடும் பழக்கத்தையும் விட்டுவிட்டாள்.

அதெல்லாம் பிற்பாடு. அதற்கு முன்னால் தை பிறந்தது. அறை சும்மா கிடந்தது. பழைய வீட்டில் கந்தம்மாளின் நெஞ்சு மறுபடி பூனைக்குட்டி மாதிரிக் கத்தத் தொடங்கியிருந்தது. கித்தேரி மன்னவனூருக்குப் போய், "நான் மொதல்ல ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கேங்க்கா. கணப்பு வச்சு, கதவச் சாத்தி," என்றாள்.

குப்பம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "படுத்து எந்திரிங்க. பாப்போம்," என்றாள். கங்கையும் அவளே கொண்டுவந்து குழியில் கொட்டினாள். கதவையும் அவளே சாத்தினாள். 'பொத்'தென்று உட்கார்ந்தது.

கித்தேரி தூங்கவில்லை. கங்கைப் பார்த்தபடியே கிடந்தாள். கண் சொருகினால் இது தூக்கமா, மற்றதா என்று பதறி எழுந்து துளையில் முகத்தை வைத்தாள். மலைக்காற்று ஊசியாகக் குத்தியது. தை மாசத்துப் பனி முழுக்க அந்தத் துளை வழியாகத்தான் இறங்குகிறதோ என்றிருந்தது. போர்வைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தெரிந்த செபமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

கண்ணாடியில் வெளுப்புத் தட்டியதும் வெளியே காலடிச் சத்தம் வந்து கதவருகே நின்றது. யாரும் தட்டவில்லை. தட்டுவதற்கு அந்தக் கைக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

"டீச்சர்," என்றது குப்பம்மாளின் குரல்.

பல் கிட்டியிருந்ததில் பதில் வர நேரமானது.

"இருக்கேங்க்கா."

"குளுருதா?"

"குளுருதுக்கா. ரொம்பக் குளுருது."

பிறகு குப்பம்மாள் பழைய வீட்டுப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள்.

"ஏ கந்தம்மா, ஒம்பாய எடுத்துட்டு வா."